முப்பத்து நாலு அடுப்பு

போன வாரம் படப்பையில் பஸ் நின்றபோது, நெல் அவிக்கிற வாசனை ஜன்னல் வழியாக ஏறி, டிக்கெட் வாங்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. ஊறின நெல்லின் லேசான புளிப்பு, வைக்கோல் புகை, அண்டா விளிம்பில் கொதித்துக் காய்ந்த நுரை. நான் சிரித்துவிட்டேன். மனசுக்குள் இல்லை, சத்தமாகவே. முன் சீட்டு அம்மாள் தன் பையை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"இன்னா பெரியவரே, இன்னா ஆச்சு?" என்றார் கண்டக்டர்.

எனக்கு ஐம்பத்திரண்டுதான் ஆகிறது. உட்கார்ந்த இடத்தில் உட்காராத ஆள் என்பதால் ஓய்வைக்கூட முன்கூட்டியே வாங்கிக்கொண்டவன். "ஒண்ணுமில்லப்பா, நெல்லு அவிக்கிறாங்க" என்றேன். அவருக்கு அது போதுமான பதிலாகப் படவில்லை. குன்றத்தூர் வரும்வரை என்மேல் ஒரு கண் வைத்திருந்தார்.

அவரிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். வருவாய்த் துறைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள் நீங்கள். பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அடுப்பைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள்.

முப்பது வருஷத்துக்கு முன்னால், அறுபதுகளின் நடுவில் ஒரு பங்குனி. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட நிறையவில்லை. சேரப்பணஞ்சேரியிலிருந்து வண்டிப்பாதையில் நடந்து போகிற தூரத்தில், முள்ளுக்காட்டை ஒட்டி ஒரே ஒரு தெரு. பத்தொன்பது வீடு. எல்லாம் மண் சுவர், விழல் கூரை. காட்டில் எங்கேயோ தீப்பிடித்தது. காரைப் புதரிலும் சூரை முள்ளிலும் அது நடந்துதான் வந்திருக்கிறது. வற்றின ஏரிக்குள் இறங்கி, காய்ந்து நின்ற விழலைப் பார்த்ததும் ஓட ஆரம்பித்தது. கரையேறியதும் பறந்தது. ஏரி விழல்தான் கூரையிலும் இருந்ததால் தீக்கு அது சொந்தக்காரர் வீடு மாதிரி, கேட்காமல் நுழைந்துவிட்டது.

நல்ல வேளை, ஜனங்கள் எல்லாரும் அறுப்புக் களத்தில் இருந்தார்கள். ஓடி வந்து கிடைத்ததை இழுத்துப் போட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. ஒரு சேவலுக்கு மட்டும் வால் போயிற்று. அது அதற்கப்புறம் கூவும்போது முன்பக்கமாகக் குப்புற விழும்.

மறுநாள் காலை என்னைக் கணக்கெடுக்க அனுப்பினார்கள். கிளம்பும்போது எங்கள் தலைமை எழுத்தர் மூக்குப்பொடியை இழுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, வீட்டை எண்ணாதே. ஒரு கூரைக்குக் கீழே அண்ணன் தம்பி மூணு பேர் தனித்தனியா சமைப்பான். ஆளையும் எண்ணாதே. ஒருத்தனே மூணு இடத்துல நிப்பான். அடுப்பை எண்ணு. ஓர் அடுப்பு, ஒரு குடும்பம். அடுப்பு நகராது, பொய் சொல்லாது."

தங்கமான யோசனை. அதில் குறை ஒன்றும் இல்லை. குறை அதைக் கேட்டவனிடம் இருந்தது. நான் மண்ணடியில் ஒரு மாடிப்போர்ஷனில் வளர்ந்தவன். அரிசி மூட்டையில் பிறக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவன்.

ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணம், தன் மகள் பிரசவத்துக்குக் காஞ்சிபுரம் போயிருந்தார். ஆகையால் நான் தனியாள். ஒரு கையில் குடை, ஒரு கையில் நோட்டு, வாயில் பென்சில். சுவர்கள் இடிந்து அங்கங்கே இடுப்பளவில் நின்றன, கூரை இருந்த இடத்தில் வானம் இருந்தது. சாம்பலுக்கு வாசல் கிடையாது, புழக்கடையும் கிடையாது. உள்ளே எது, வெளியே எது என்று தெரியாத கருப்பு வெளியில், தீயோடு பழகின ஒரே பொருளான மண் அடுப்புகள் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தன.

நான் எண்ணிக்கொண்டே போனேன். என் பின்னாலேயே ஒரு பெண்மணி வந்தாள். நாற்பதை நெருங்குகிற வயசு, பெயர் பட்டம்மா. இடுப்பில் ஓர் ஈயக் குண்டான். பாத்திரத்தில் அது ஒன்றுதான் மிச்சமாம்.

"இன்னா சார் எண்றீங்கோ?"

"அடுப்பு."

"எதுக்கு சார்?"

"ரூல்."

அவள் திரும்பித் தன் புருஷனைப் பார்த்தாள். ஏகாம்பரம், மெலிந்த மனுஷர். சாம்பலில் எதையோ குச்சியால் தேடிக்கொண்டிருந்தார். "தே பாருய்யா, கவர்மெண்டு அடுப்பு எண்ணிகினு கீது."

"எண்ணட்டுமே. நம்மள இன்னா பண்ணுது?" என்றார் அவர்.

அந்த 'ரூல்' என்கிற ஒரு சொல்லுக்குப் பதிலாக நான் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் இந்தக் கதையே இல்லை. கம்பீரமாக முப்பத்து நாலு என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன்.

பத்து நாளில் லாரி வந்தது. ஒவ்வோர் அடுப்புக்கும் மூங்கில், ஓலைக் கட்டு, ஒரு புடவை, ஒரு வேட்டி, ஒரு அலுமினியக் குண்டான், அரிசி. நான் கறாரான ஆள். பங்கை அந்தந்த அடுப்புப் பக்கத்திலேயே இறக்கி வைக்கச் சொன்னேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பை எண்ணின கவர்மெண்டு, அடுப்புக்குக் கொடுக்கிறது. இதில் கேட்க என்ன இருக்கிறது?

இப்போது வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். லாரி வருவதற்கு முன்னால் நான் ஏரிக்கரையில் தனியாகப் போய் நின்று ஒத்திகை பார்த்தேன். ஜனங்கள் கண் கலங்கி நன்றி சொல்வார்கள். அப்போது நான் எப்படிப் பதில் சொல்வது? நெஞ்சில் கை வைத்து, "என்னம்மா பெரிய பெரிய வார்த்தையெல்லாம் பேசிக்கிட்டு... இது என் கடமை." முதலில் உருக்கமாகச் சொன்னேன். பிறகு லேசான புன்னகையோடு. பிறகு பாதி திரும்பி நின்று, தூரத்தைப் பார்த்தபடி. மூன்றாவதுதான் பொருத்தமாக இருந்தது. ஓர் எருமை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

சாமானை எல்லாம் இறக்கி முடித்ததும் பாதி திரும்பி நின்றேன். பட்டம்மா வந்தாள்.

"சார்."

"சொல்லும்மா."

"இந்தக் குண்டான் அடியில பொத்தல் கீது."

அடுத்து கன்னியப்பன் வந்தார். ஐம்பது வயசாகியும் கல்யாணம் ஆகாத ஆள், ஒரு வெள்ளாட்டோடு குடியிருப்பவர். "சார், ஒண்டிக்கட்டைக்குப் பொடவை எதுக்கு? மாத்தி இன்னொரு வேட்டி இல்லியா?"

அவ்வளவுதான். நன்றிக்கான நேரம் முடிந்துவிட்டது.

அதற்கப்புறமும் அடிக்கடி போனேன். வேலை நடக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. கருகின தரையில், உச்சி வெயிலில், குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் எழுதுவேன். ஒரு நாள் போனபோது தெரு முனையில் ஒரு சின்னக் கொட்டாய் முளைத்திருந்தது. நாலு மூங்கில் கால், கனமான ஓலை, உட்கார ஒரு பலகை. யாருடையது என்று நான் கேட்கவில்லை. உட்கார்ந்துகொண்டேன். பலகை ஆடியது. கால் பக்கத்தில் காகிதத்தை மடித்து வைத்தேன், அப்படியும் ஆடியது. அந்தப் பலகையில் உட்கார்ந்துதான், அந்த நிழலில் இருந்துகொண்டுதான், என் சொந்த டைரியில் எழுதினேன்: "இந்த ஜனங்களுக்கு நன்றி என்றால் என்னவென்றே தெரியாது."

சித்திரை பாதி. பத்தொன்பது வீட்டுக்கும் கூரை ஏறிவிட்டது. நாளை மறுநாள் டெப்டி தாசில்தார் பட்டியலை வைத்துக்கொண்டு நேரில் பார்க்க வருகிறார் என்று சொல்ல நான் போன அன்றைக்குத்தான் அந்த வாசனை என்னைப் பிடித்தது. வாசனையின் பின்னாலேயே போனேன். பட்டம்மா வீட்டுக்குப் பின்னால், இரவல் வாங்கின பெரிய அண்டா ஏற்றின அடுப்பு. அறுப்புக்குப் போன இடத்தில் கூலியாக வந்த நெல்லாம்.

"இது யார் அடுப்பும்மா?"

"என்னுது சார்."

"அப்போ வீட்டுக்குள்ள இருக்கிறது?"

"அதுவும் என்னுதுதான். அது சோறாக்க. இது நெல்லு அவிக்க. சோத்தடுப்புல இம்மாம் பெரிய அண்டா நிக்குமா சார்?"

என் முதுகுத்தண்டில் ஓர் எறும்பு ஏறியது. "எல்லார் வீட்டுலயும் ரெண்டா?"

"நாலு வூட்டுல இல்ல. அவங்க என்னுதுல வந்து அவிச்சுப்பாங்க."

பத்தொன்பதும் பதினைந்தும் முப்பத்து நாலு. நான் அண்டா பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆவி மூஞ்சியில் அடித்தது, நகரத் தெரியவில்லை.

தெருவையே கூப்பிட்டுச் சொன்னேன். இல்லாத பதினைந்து குடும்பத்துக்கு நான் சாமான் கொடுத்திருக்கிறேன் என்று.

சிரித்தார்கள் பாருங்கள். வீடு எரிந்து மாசம் ஆகாத ஜனங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "நெல்லடுப்புக்குப் பொடவை குடுத்துகீறாருடா சார்!" என்று கன்னியப்பன் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். வால் இல்லாத சேவல்கூட ஒருமுறை கூவி விழுந்தது.

என் வேலை தற்காலிகம் என்றேன். ஒரு கையெழுத்தில் வந்தது, ஒரு கையெழுத்தில் போய்விடும். சிரிப்பு லேசாகக் குறைந்தது. பதினைந்து பங்கையும் திரும்ப எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தால், கட்டின கூரையைப் பிரிக்க வேண்டி வரும் என்றேன். அப்போது நின்றுவிட்டது. எல்லாரும் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள். அன்றைக்கு மேற்கே கோடை மழை கருக்கலாகத் திரண்டுகொண்டிருந்தது.

பட்டம்மாதான் முதலில் பேசினாள். "சார் முப்பத்து நாலுன்னு எழுதிட்டாரு. எழுதினதை அழிக்க முடியாது. குடும்பத்தை உண்டாக்கலாம் இல்ல?" அப்புறம் தெருவைப் பார்த்து, "யாரு யாரு வூட்டுல சண்டை போட்டுகினு கீறீங்களோ, கையைத் தூக்குங்கோ" என்றாள்.

தேவை பதினைந்து. இருபத்திரண்டு கை உயர்ந்தது.

நான் அப்போதே தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. பயந்த மனுஷனுக்கு யாராவது ஒரு யோசனை கொடுத்தால், அது நல்லதா கெட்டதா என்று பார்க்க மாட்டான், கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். நானும் பிடித்துக்கொண்டேன்.

டெப்டி தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கினார். ஒல்லியான மனுஷர், நீளமான மூக்கு. அதிகம் பேச மாட்டார். அன்று தெருவில் முப்பத்து நாலு அடுப்பும் புகைந்தன. மாமியாரும் மருமகளும் முதுகைக் காட்டிக்கொண்டு தனித்தனியே ஊதினார்கள். குழம்புக்குத்தான் தட்டுப்பாடு. ஊரில் இருந்தது ஒரே ஒரு சட்டி கருவாட்டுக் குழம்பு. கன்னியப்பன் அந்தச் சட்டியோடு வீடுகளுக்குப் பின்னாலேயே ஓடி, அதிகாரி போய்ச் சேர்வதற்கு முன்னால் ஒவ்வொரு குண்டானிலும் ஒரு கரண்டி ஊற்றிவிட்டுப் போக வேண்டும் என்று ஏற்பாடு. நடுவில் தன் வீட்டு அடுப்பிலும் அவரே உட்கார வேண்டும்.

"குடும்பத்துல எத்தனை பேர்?" என்று அவரைக் கேட்டார் அதிகாரி.

"ரெண்டு பேர் சார். நானும் வெள்ளாடும்."

"ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"அடுப்பு ஊதிகினு இருந்தேன் சார்."

ஆறாவது அடுப்பில் அதிகாரி மூக்கை நீட்டினார். "எல்லார் வீட்டுலயும் கருவாட்டுக் குழம்பா?"

"இந்தப் பக்கத்து வழக்கம் சார்" என்றேன். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பதினேழாவது அடுப்பு, பட்டம்மா வீட்டுப் பின்னால். அவள் உள்ளே தனிக்குடித்தனம், ஏகாம்பரம் வெளியே தனிக்குடித்தனம். அந்த மகா அண்டாவில் ஒரு பிடி அரிசியைப் போட்டு, அது எங்கே போயிற்று என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர்.

"சம்சாரத்தை விட்டு ஏன்யா தனியா இருக்கே?" அதிகாரி தன்மையாகத்தான் கேட்டார்.

தன்மையாகக் கேட்டதுதான் தப்பாகப் போயிற்று. ஏகாம்பரத்தால் தாங்க முடியவில்லை. "ஒத்துவரலன்னு சொல்லச் சொல்லிச்சு சார்."

"யாரு?"

"அதுதான்" என்று உள்ளே கையைக் காட்டினார்.

பட்டம்மா பாய்ந்து வெளியே வந்தாள். "பாருங்கோ சார், இதுக்குத்தான் தனியா வெச்சேன்! ஒரு வார்த்தை ஒழுங்கா சொல்லத் தெரியுதா? நெருப்பு வந்த அன்னிக்கு வூட்டுக்குள்ள ஓடுச்சு சார். நெல்லு மூட்டை கீது, என் கண்ணாலப் பொடவை கீது. இன்னா எடுத்தாந்துச்சு தெரியுமா? தொடப்பம்!"

"கைக்கு அதுதான் வந்துச்சு!"

"மூட்டைக்கு மேலதானே தொடப்பம் கெடந்துச்சு! அதை எடுக்கத் தெரிஞ்ச கைக்கு மூட்டை தெரியலியா?"

அதுவரை நாடகம். அதற்கப்புறம் நாடகம் இல்லை. தீயில் எரியாமல் அவர்களுக்குள் ஒரு மாசமாகப் புகைந்துகொண்டிருந்தது அந்தத் துடைப்பம்தான். ஏகாம்பரம் கரண்டியை அண்டாவுக்குள் போட்டுவிட்டு எழுந்தார். "அப்போ நான் மெய்யாலுமே தனியா இருந்துக்கறேன்" என்றார். குரல் உடைந்தது. புகையால் இல்லை.

என் ஒரு வேலைக்காக, ஒரு கோட்டுக்குக் கீழே நான் போட்ட இன்னொரு கோட்டுக்காக, இவர்கள் வீட்டை நான் இரண்டாம் தடவை கொளுத்திக்கொண்டிருந்தேன்.

"சார், தப்பு என்னுது" என்றேன். "இங்கே இருக்கிறது பத்தொன்பது குடும்பம். நெல் அவிக்கிற அடுப்பையும் சேர்த்து எண்ணிட்டேன். இவங்களுக்கு இதுல பங்கு இல்ல."

 வீட்டுக்குப் பின்னாலிருந்து, குழம்புச் சட்டியும் கையுமாகக் கன்னியப்பன் எட்டிப் பார்த்தார். "இன்னா சார் இது! இன்னும் பாதி கீது, அதுக்குள்ள சொல்ட்டீங்களே!"

அதிகாரி அவரையும் சட்டியையும் பார்த்தார். "எனக்கு ஆறாவது அடுப்புலயே தெரியும்" என்று என்னிடம் சொன்னார். "நீங்க எத்தனை அடுப்பு வரைக்கும் தாங்குவீங்கன்னு பார்த்தேன். பதினேழு. பரவாயில்ல."

அதற்கப்புறம் அவர் அடுப்பைப் பார்க்கவில்லை. கையில் ஒரு குச்சியோடு மறுபடி முதல் வீட்டிலிருந்து கிளம்பி, அண்ணாந்தபடியே நடந்தார். கூரையைத் தட்டினார், ஓலையை விலக்கி மூங்கிலை எண்ணினார். ஒற்றை அடுப்பு வீடு நாலிலும் மற்ற வீடுகளில் இருந்த அதே கனம். யாருக்கும் குறையாதபடி அவர்களே பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மூங்கில் வெளியே போகவில்லை.

தெரு முனைக்கு வந்ததும் நின்றார். "இந்தக் கொட்டாய் யாருது?"

 ஏகாம்பரம்தான், இன்னும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சொன்னார்: "அது சார் வூடு, சார்."

"எந்த சார்?"

"இவருதான். வெயில்ல கொடையைக் கழுத்துல இடுக்கிகினு ஒத்தக் கையால எழுதிகினு இருப்பாரு. பாக்க சகிக்கல. மிச்சம் இருந்ததுல கட்டினோம்."

"பலகைதான் ஆடுது" என்றாள் பட்டம்மா, புருஷனைக் கையால் காட்டி. "அது இது செஞ்ச வேலை."

நான் டைரியில் எழுதினது அந்த நிமிஷம் என் சட்டைப்பைக்குள்ளேயே இருந்தது. அது அப்போது அடுப்பில் வைத்த கல் மாதிரிச் சுட்டது.

அதிகாரி என்னை அந்தப் பலகையில் உட்கார வைத்தார். "எழுதுங்க. அடுப்பை எண்ணினேன், குடும்பத்தை விசாரிக்கவில்லைன்னு எழுதுங்க. கருவாட்டை எல்லாம் எழுத வேண்டாம்." எழுதினேன். கீழே அவர் தன் கையால் சேர்த்தார்: கூடுதலாக வந்த பொருள் முழுவதும் எரிந்த வீடுகளின் கூரையிலேயே இருக்கிறது, காட்டை ஒட்டின இடம், திரும்ப எடுக்க வேண்டியதில்லை. கொட்டாயைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. போகும்போது அதன் மூங்கில் காலை மட்டும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

அவர் ஜீப்பில் ஏறினதும் மழை பிடித்துக்கொண்டது. பட்டம்மா அண்டாவுக்குள் குனிந்து, அந்த ஒரு பிடி சோற்றைத் தேடிப் பிடித்து, தட்டில் போட்டு ஏகாம்பரத்தின் முன்னால் வைத்தாள். "துன்னு. நீ ஆக்கினதை நீயே துன்னு." அவர் சாப்பிட்டு முடிக்கிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு கூரையும் ஒழுகவில்லை.

எனக்கு மெமோ வந்தது. தற்காலிகம் இன்னும் ஆறு மாசம் தற்காலிகமாகவே நீடித்தது. பிறகு குன்றத்தூர்ப் பக்கம் மாற்றினார்கள். தலைமை எழுத்தர் என் மெமோவைப் படித்துவிட்டு அரை டப்பி பொடி இழுத்தார். "நான் சோத்தடுப்புன்னு சொல்லியிருக்கணும்" என்றார். அந்த அலுவலகத்தில் என் காதில் விழுந்த ஒரே மன்னிப்பு அதுதான்.

பிள்ளைகளே, வெள்ளமோ தீயோ, நாளைக்கு நீங்களும் போவீர்கள். யாராவது எதுக்கு என்று கேட்டால் 'ரூல்' என்று சொல்லாதீர்கள், நின்று இரண்டு வார்த்தை பேசுங்கள். தப்பு நடந்தால் ஆறாவது அடுப்புக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இவ்வளவு செய்தோமே, ஒருத்தர் நன்றி சொல்லவில்லையே என்று தோன்றினால், அப்போது நீங்கள் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்.

மாற்றல் ஆகிப் போகிற அன்றைக்கு அந்தத் தெருவுக்குப் போனேன். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் ஏழெட்டுப் பேர் கூடவே நடந்து வந்தார்கள். கன்னியப்பன் ஆட்டையும் கூட்டி வந்தார், அதற்கு நிவாரணப் புடவையைக் கிழித்து ஒரு கயிறு. பஸ் வருவது தூரத்தில் புழுதியாகத் தெரிந்தது. நான் பேச ஆரம்பித்தேன். ஒத்திகை பார்க்காத பேச்சு அது, சரியாக வரவில்லை.

"பட்டம்மா... உங்க எல்லாருக்கும்... நான் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

அவள் ஏகாம்பரத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நெஞ்சில் கை வைத்தாள். மெதுவாகப் பாதி திரும்பி நின்றாள். ஏரிக்கரைப் பக்கம், தூரத்தில் எதையோ பார்த்தாள். ஒத்திகை அன்றைக்கு அங்கே அந்த எருமையை மேய்த்துக்கொண்டிருந்தது யார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இன்னா சார், பெரிய பெரிய வார்த்தையெல்லாம் பேசிகினு... இது எங்க கடமை. ஏறுங்கோ, பஸ்ஸு பூடும்."